வலது நாற்காலி

அண்ணனின் வாய் அவள் கையில் இருந்தது.

மேல்வரிசை ஒரு கையில், கீழ்வரிசை இன்னொரு கையில். வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்த பற்கள். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் தகடு ஒன்று செய்து தரச் சொல்லி, பல் மருத்துவர் அச்செடுத்து அனுப்பியிருந்தார். சீட்டில் பெயரைப் பார்த்ததும் பக்கத்து மேஜைக்காரர், "உங்க அண்ணன்தானே, நீயே பண்ணிடு" என்று அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

பொடிசு அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வயது முப்பது ஆகிவிட்டது. இந்தப் பல் கூடத்தில் ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறாள். ஆனாலும் அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர் அவளை விட்டுப் போகவில்லை. வீட்டில் அவள் பொடிசுதான்.

கடைவாய்ப் பற்கள் மழுங்கி, வழவழவென்று இருந்தன. நாற்பது தொடாத ஆளுக்கு அறுபது வயதுப் பற்கள்.

எதைப் போட்டு இப்படி அரைக்கிறாய், அண்ணா?

பிளாஸ்டர் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் குற்றமில்லை. உயிருள்ள வாயே பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு சண்டை விளையாட்டில் வௌவால் என்ற பெயரில் யாரோ ஒருவர் ஆன்லைனில் தொடர்ந்து நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களை ஜெயித்தார். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, யாருக்கும் தெரியாது. விளையாட்டைச் செய்த கம்பெனி, 'நேரில் வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்' என்று அழைப்பு அனுப்பியது. கம்ப்யூட்டர் அண்ணன் பெயரில் வாங்கியது. அக்கவுன்ட்டும் அண்ணன் பெயரில்தான். விரல்கள் மட்டும் பொடிசுடையவை.

அம்மாதான் முடிவு செய்தாள். "நீ போனா என்ன, அவன் போனா என்ன? பெருமை இந்த வீட்டுக்குத்தானே வருது. அவனுக்கு இன்னும் ஒரு வேலை அமையல. உனக்குப் படிப்பு இருக்கு."

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "ஒரே ஒரு தடவைடா" என்றான்.

அந்த ஒரு தடவை இன்னும் முடியவில்லை.

மேடையில் விளையாடச் சொன்னபோது, வலது மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு, "டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு" என்றான். பிறகு கமென்டரி வந்தது, பேட்டிகள் வந்தன, பயிற்சி மையம் வந்தது, கல்யாணமும் வந்தது. பட்டை மட்டும் கழலவேயில்லை. அம்மா போய் நாலு வருஷமாகிறது. அன்று அந்த அறையில் இருந்த மூன்று பேரில் மிச்சம் இரண்டு பேர்தான்.

இப்போது அதே விளையாட்டு புதுசாக வருகிறது. அதில் வௌவால் ஒரு பாத்திரம். அண்ணனின் முகத்தோடு, அண்ணனின் பெயரோடு. நாளைக் காலை பத்து மணிக்கு, 'அத்தனை ஆட்டங்களையும் ஆடியவன் நானே' என்று அவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு பொடிசு யாரிடம் போய் என்ன சொன்னாலும், அந்தத் தாள் அவளைவிடச் சத்தமாகப் பேசும்.

ஆகவே இன்று. இன்று மதியம் அந்தப் புது விளையாட்டின் அறிமுக விழா. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். தொடர்ந்து ஐந்து பேரை ஜெயிக்கிறவர் வௌவாலுடனேயே ஒரு ஆட்டம் ஆடலாம். ஆறு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், இரண்டு தெரு தள்ளி இருந்த கேம் சென்டரின் மூலை மேஜையில் அவள் போய் உட்கார்ந்ததெல்லாம் இந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான்.

மன்னித்துவிடலாம் என்று ஒரு நாளாவது நினைத்தாளா என்று கேட்டால், நினைத்தாள். அம்மா இறந்த அன்று சாயங்காலம் அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இப்போது சொல்லுவான் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

அன்றைக்கு முடிந்தது அது.

*

கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்காருகிறவள். இன்றைக்கு லீவு போட்டுவிட்டு விழாவுக்கு உடுத்திக் கிளம்பியிருந்தாள்.

"ஆயிடுச்சா?"

"அஞ்சு நிமிஷம், அண்ணி. உக்காருங்க."

அண்ணி உட்காரவில்லை. அலமாரியில் வரிசையாக இருந்த பல் செட்டுகளைப் பார்த்தாள். "எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்குது. எங்க கவுன்ட்டர்ல ஒருத்தர்கூட இப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல."

"அண்ணன் ரொம்பக் கடிக்கிறாரா?"

"கடிக்கிறாராவா? பக்கத்துல படுத்துப் பாரு. மிக்ஸில கல்லு விழுந்த மாதிரி. கடிச்சாக்கூடப் பரவாயில்ல, கூடவே உளர்றாரு பாரு, அதுதான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்னன்னு?"

"அத விடு."

அண்ணியின் விரல்களில் தைல வாசனை இருந்தது. எப்போதும் இருக்கும். கல்யாணமான பத்து வருஷமாகத் தினமும் படுக்கப் போகும் முன் அவன் வலது மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிடுகிறாள். காலையில் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போவதில்லை என்று சலித்துக்கொள்வாள்.

"நாளைக்குக் கையெழுத்துக்குச் சாட்சி வேணுமாம், வீட்டு ஆளா" என்றாள் அண்ணி. "என்னைப் போடச் சொல்லியிருக்காங்க. எனக்கு என்ன தெரியும் சொல்லு, அவர் விளையாடி நான் பாத்ததேயில்ல."

பொடிசின் கை நின்றது. சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் இந்தத் தைல விரல்களுக்கு முன்னால் அந்த வாக்கியம் தொண்டையைத் தாண்டவில்லை. அதோடு, தனியாகச் சொல்வதற்காகவா ஆறு வாரம் பட்டினி கிடந்தாள்?

"நீ வர்றேல்ல மதியம்?"

"வேலை கிடக்கு, அண்ணி."

தகட்டைப் பற்களின் மேல் பொருத்தி, நடுவில் நீலத்தாளை வைத்து இரண்டு வரிசைகளையும் தட்டினாள். எங்கே உயரம் இருக்கிறதோ அங்கே நீலப் புள்ளி விழும். வலது கடைவாயில் ஒரு புள்ளி விழுந்தது. ஒரு முடியின் கனம் இருக்கும். அந்த ஒரு முடி போதும். போட்டுக்கொண்டு படுக்கிற ஆளுக்குக் காலையில் தாடை கழன்றுவிடும் போல இருக்கும்.

தேய்க்கிற கருவியை எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் ஒரு புள்ளியைக்கூட அவள் விட்டதில்லை.

கருவியைக் கீழே வைத்தாள்.

தகட்டைக் கழுவித் துடைத்து, பெட்டியில் போட்டு மூடி அண்ணியிடம் நீட்டினாள்.

"சரியா இருக்குமா?"

"போட்டாத் தெரியும், அண்ணி."

*

அரங்க வாசலில் ஆளுக்கு ஒரு அட்டை முகமூடி கொடுத்தார்கள். கறுப்பு வௌவால், விரித்த இரண்டு சிறகு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. உள்ளே ஆயிரம் பேர் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொடிசும் மாட்டிக்கொண்டாள். தன் முகத்தைத் தானே இலவசமாக வாங்கி மாட்டிக்கொள்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்தபோது, அட்டைக்குள் உதடு கோணியது.

பதிவு மேஜையில் இருந்த பெண் தலை நிமிராமல், "ஸ்க்ரீன்ல என்ன பேர் போடணும்?" என்றாள்.

"பல்செட்."

இப்போது நிமிர்ந்தாள். "பல்செட்டா?"

"ஆமா. எந்தப் பக்கம் உக்காரணும்னு கேட்டா, வலது பக்கம்னு போடுங்க."

மேடையில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு மேஜை, பின்னால் சுவர் உயரத்துக்குத் திரை. ஓரத்தில் மைக்கோடு அண்ணன். கறுப்புச் சட்டை, வலது மணிக்கட்டில் பட்டை. முன்வரிசையில் அண்ணி, மடியில் கைப்பை. அவள் மட்டும் முகமூடி போடவில்லை. மூக்குக் கண்ணாடி இடித்திருக்கும்.

"அடுத்து வர்றது... பல்செட்" என்றான் அண்ணன் மைக்கில். கூட்டம் சிரித்தது. "பல்செட்டுக்கு இன்னைக்கு எத்தனை பல்லு மிஞ்சுதுன்னு பாப்போம்."

முதல் ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது ஆள் கொஞ்சம் தெரிந்தவன், ஒன்றரை நிமிஷம். மூன்றாவது பெண் தோற்றதும் எழுந்து கை கொடுத்துவிட்டுப் போனாள்.

"பல்செட்டு நல்லாத்தான் கடிக்குது" என்றான் அண்ணன். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

நாலாவது ஆட்டத்தில், எதிராளி பாய்ந்து வரும்போது பின்வாங்குவது போல் ஒரு அடி வைத்து, அவன் தோளைப் பிடித்துச் சுழற்றி எறிந்தாள். பழைய பிடி. அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றான். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. ஆயிரம் பேருக்கு அது ஒன்றுமில்லை. எச்சில் விழுங்கியிருப்பார் என்று நினைத்திருப்பார்கள். பொடிசுக்கு மட்டும் அந்த நிசப்தத்தின் நீளம் தெரிந்தது. திரையைப் பார்த்தபடியே அதை அளந்தாள். இனித்தது.

ஐந்தாவதாக வந்தவன் ஒரு தாடிக்காரன். அண்ணனின் பயிற்சி மையத்தில் முதல் மாணவன். இன்றைய ஏற்பாடு என்ன என்பது பொடிசுக்குப் பார்த்த உடனே புரிந்தது. இவன் ஐந்து பேரை ஜெயித்து, கடைசியில் குருவிடம் பணிவாகத் தோற்க வேண்டியவன். அவன் அந்த ஏற்பாட்டுக்குத் தகுந்த தெம்போடுதான் வந்து உட்கார்ந்தான். தோற்று எழுந்தபோது மேடையின் ஓரத்தைப் பார்த்துக் கையை விரித்தான். 'நான் என்ன சார் பண்றது' என்று எழுதி ஒட்டியிருந்தது முகத்தில்.

நிகழ்ச்சியை நடத்துகிறவன் துள்ளிக்கொண்டு வந்தான். "பல்செட் வெர்சஸ் வௌவால். சார், கை எப்படி இருக்கு?"

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் கம்பெனிக்காரர்கள் இருந்தார்கள். முடியாது என்று சொல்ல இடமில்லை.

"ஒரு ஆட்டம் தாங்கும்" என்றான். பட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, இடது நாற்காலியை இழுத்தான்.

"சார், சார்" என்றான் நடத்துகிறவன். "நீங்க எப்பவும் ரைட் சைடாச்சே."

கூட்டம் பிடித்துக்கொண்டது. "ரைட்டு, ரைட்டு, ரைட்டு."

இதைத்தான் பொடிசு ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கீபோர்டு. மூத்தவன் என்பதால் அதன் இடது பாதி அண்ணனுக்கு. மிச்சமிருந்த வலது ஓரம் அவளுக்கு. இந்த விளையாட்டில் வலப்பக்கம் நிற்கிறவர் இடப்பக்கம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்து எழுதுவது போல எல்லாமே தலைகீழ். அவள் விரல்களுக்குத் தெரிந்த ஒரே திசை அதுதான். ஆன்லைனிலும் நூற்றுப் பன்னிரண்டு ஆட்டத்தையும் வலப்பக்கம் வாங்கித்தான் ஆடினாள். 'வலப்பக்கம்தான் எனக்கு ராசி' என்று அண்ணன் பேட்டி பேட்டியாகச் சொல்லி, அதை ஊர் முழுக்கப் பாடமாக்கிவிட்டான்.

வௌவாலாக இருக்க வேண்டுமென்றால் அவன் வலது நாற்காலியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். பல்செட் எழுந்து இடது நாற்காலிக்குப் போயாக வேண்டும்.

எழுந்தாள். இருவரும் மேஜைக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்கள். அவன் மைக்கை அணைத்துவிட்டிருந்தான்.

"பொடிசு. நீதானே."

அவள் நடையை நிறுத்தவில்லை.

"வேணாம்டா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"பதினோரு வருஷமா வீட்டுலதான்ணா இருந்தோம்" என்றாள் அட்டைக்குள்ளிருந்து. "பேசலியே."

*

ஆட்டம் தொடங்கிய முதல் அரை நிமிஷம், பார்க்கச் சகிக்கவில்லை.

அவள் அடிக்க நினைத்தால் திரையில் அவளுடைய ஆள் பின்னால் போனான். பிடிக்க நினைத்தால் உட்கார்ந்தான். விரல்கள் இருபது வருஷப் பழக்கத்தில் எதிர்த்திசைக்கே ஓடின. எதிரே அண்ணனின் ஆளும் அதே கதிதான். காற்றைக் குத்தினான், சும்மா சுற்றினான், ஒரு தடவை சுவரைப் பார்த்து உதைத்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வௌவாலுக்கு என்ன ஆயிற்று?

அவன் சும்மா வீசிய கை ஒன்று பட்டு, அவளுடைய ஆளின் உயிரைக் காட்டும் பச்சைக் கோட்டில் கால்வாசி குறைந்தது. இன்னொன்று பட்டு மேலும் குறைந்தது. திரையில் அவனைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் போதும், அவள் வலப்பக்கம் ஆகிவிடுவாள். ஆனால் தாண்டுவதற்கு அவன் வழிவிட வேண்டுமே. தெரியாமல் வீசுகிறவனின் கையைத் தாண்டுவது, தெரிந்து வீசுகிறவனைத் தாண்டுவதைவிடக் கஷ்டம்.

தோற்றுவிடுவேன் என்று தோன்றியது. இவனிடம். இந்த நாற்காலியில்.

கன்ட்ரோலரிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். அவளுடைய ஆள் சும்மா நின்றான்.

அப்பா மதியம் தூங்குகிற நேரத்தில்தான் சின்ன வயதில் அவர்கள் விளையாடுவார்கள். பேசினால் எழுந்துவிடுவார், எழுந்தால் முதுகு பழுக்கும். அதனால் இருவருக்கும் நடுவில் ஒரு ஊமைப் பாஷை இருந்தது. அவளுடைய ஆள் இரண்டு தடவை குனிந்தால், நான் ரெடி. அவனுடைய ஆள் ஒரு தடவை குதித்தால், நானும். பிறகு ஆன்லைனில் தெரியாத ஆட்களோடு ஆடியபோதும் அவள் குனிந்துகொண்டுதான் இருந்தாள். பதிலுக்கு யாரும் குதித்ததில்லை. அதை உலகம் வௌவாலின் முத்திரை என்றது. 'எதிராளிக்கு நான் காட்டற மரியாதை' என்றான் அண்ணன், பேட்டியில்.

அவளுடைய ஆள் குனிந்தான். எழுந்தான். குனிந்தான்.

அண்ணனின் ஆள் குதித்தான்.

அவன் குதிக்கவில்லை, அவன் விரல் குதித்தது. மூளைக்குச் சேதி போவதற்கு முன்னால், அப்பா தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மதியத்திலிருந்து அந்த விரல் பதில் சொல்லிவிட்டது. அவன் ஆள் அந்தரத்தில் இருந்த அந்த ஒரு கணத்தில், பொடிசு அவன் காலுக்கடியில் புகுந்து மறுபக்கம் போனாள்.

வலப்பக்கம்.

அதற்கப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஒரே பிடியில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. விழ வைத்தாள். எழுந்திருக்கும்வரை தள்ளி நின்று காத்திருந்தாள். எழுந்ததும் மறுபடி விழ வைத்தாள். எண்ணித்தான் அடித்தாள், வருஷத்துக்கு ஒன்றாக. எட்டாவதில் அண்ணன் கன்ட்ரோலரை மடியில் இறக்கிவிட்டான். அவனுடைய ஆள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். நிற்கிறவனை அடிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்தது என்பதையும் அவள் கவனித்துக்கொண்டாள். கவனித்துக்கொண்டே பதினொன்றையும் முடித்தாள்.

அரங்கத்தில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

பொடிசு முகமூடியைக் கழற்றினாள். ஆயிரம் வௌவால்கள் ஒரு பெண்ணைப் பார்த்தன. நெற்றியில் அட்டையின் தடம், நகக்கண்ணில் பிளாஸ்டர். முன்வரிசையில் அண்ணி பாதி எழுந்து நின்றாள்.

"யாருங்க நீங்க?" என்றான் நடத்துகிறவன். மைக்கை நீட்டினான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு மைக் உயிர் பெற்றது.

"நான் சொல்றேன்" என்றான் அண்ணன். எழுந்து நின்றுவிட்டிருந்தான். பட்டையை அவசர அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தான். குரல் நடுங்கியது; அந்த நடுக்கம் அவனுக்கு அழகாக உதவியது. "இவ என் தங்கச்சி. யாருக்கும் சொல்லாம இத்தனை வருஷமா நான் தயார் பண்ணின ஆளு. என் வலப்பக்கம், என் பிடி, அந்த ரெண்டு குனிவு, எல்லாம் பாத்தீங்கல்ல? எனக்குத் தெரிஞ்சத மொத்தமா இவளுக்குக் குடுத்துட்டேன். என் கை போனாலும் வௌவால் போகாதுன்னு இன்னைக்குக் காட்டணும்னு நினைச்சேன்."

கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டல் கூரையில் போய் இடித்தது. அண்ணன் அவள் தோளைச் சுற்றிக் கை போட்டான். சட்டைக்குள் அவன் உடம்பு முழுக்க நனைந்திருந்தது.

"சொல்லுங்க சிஸ்டர்" என்றான் நடத்துகிறவன். "அண்ணன்கிட்ட எத்தனை வருஷமா கத்துக்கிறீங்க?"

மைக் உதட்டுக்கு நேராக இருந்தது. பதினோரு வருஷமாகத் தொண்டையில் கிடந்த வாக்கியம் ஒருவழியாக வெளியே வந்தது.

"நான்தான் வௌவால்."

ஒரு கணம்தான். பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு முகமூடி கையை உயர்த்தி, "நான்தான் வௌவால்" என்று கத்தியது. இன்னொன்று கத்தியது. பால்கனியில் பத்துப் பேர். அப்புறம் ஆயிரம் பேரும் அட்டைச் சிறகுகளை ஆட்டிக்கொண்டு, ஒரே தாளத்தில், நான்தான் வௌவால், நான்தான் வௌவால், நான்தான் வௌவால்.

எல்லாரையும்விட மெதுவாக அதைச் சொன்னவள் அவள்தான்.

*

மேடைக்குப் பின்னால் ஒரு நடை இருந்தது. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிய ஒயர்கள், தண்ணீர் கேன்கள். பொடிசு ஒரு நாற்காலி அடுக்கில் சாய்ந்து நின்றாள். சுவருக்கு அப்பால் கூட்டம் கோஷத்தை இன்னும் நிறுத்தவில்லை.

செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி வந்து எதிரே நின்றாள். தைல வாசனை மட்டும் நடுவில் இருந்தது.

"பட்டைய இடது கையில மாட்டிக்கிட்டாரு" என்றாள் அண்ணி. "பத்து வருஷமா நான் தேய்ச்சது வலது கை."

பொடிசு தரையைப் பார்த்தாள்.

"நீ சொன்னியே மைக்குல. அத நீ விளையாட்டுக்குச் சொல்லலல்ல?"

"இல்ல, அண்ணி."

"எல்லாத்தையும் நீதான் ஆடினியா?"

"நூத்திப் பன்னெண்டும்."

அண்ணி தலையாட்டினாள். கவுன்ட்டரில் ஒரு பாரத்தைச் சரிபார்த்துவிட்டு ஆட்டுகிற மாதிரி. "காலைல கேட்டியே, என்ன உளர்றாருன்னு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'அவ வந்துடுவா.' அவ்வளவுதான். பல்லக் கடிச்சுக்கிட்டே, 'அவ வந்துடுவா, அவ வந்துடுவா'ன்னு. கல்யாணமான முதல் மாசத்துலேருந்து. எவடான்னு தேடாத இடமில்ல நான். செல்போனப் பாத்தேன், சட்டைப் பையப் பாத்தேன். அந்த பயிற்சி மையத்துல கூட்டிப் பெருக்க வர்ற பொம்பளையோடகூட ஒரு நாள் சண்டை போட்டேன், பாவம்." கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "பத்து வருஷமா எனக்குச் சக்களத்தியா இருந்தது நீதானா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை.

அண்ணி கைப்பையைத் திறந்து தகட்டுப் பெட்டியை எடுத்தாள். "இந்தா. நீயே வச்சுக்க. இனிமே அவர் பல்லு தேஞ்சா எனக்கென்ன."

பொடிசு பெட்டியைக் கையில் வாங்கி, மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதுல ஒரு பக்கம் உசரமா இருக்கு. தேய்க்காம விட்டுட்டேன். வேணும்னுதான் விட்டேன்."

"போட்டா என்ன ஆகும்?"

"தூங்க முடியாது. காலைல வாயத் தொறக்கறதே கஷ்டம்."

அண்ணி யோசித்தாள். சுவருக்கு அப்பால் கோஷம் ஓய்ந்து, அண்ணன் மைக்கில் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவர் நிறைய வாயத் தொறக்க வேண்டியிருக்கும்" என்றாள் அண்ணி. கையை நீட்டினாள். "அப்ப குடு அத."

பெட்டியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே துழாவி, கவுன்ட்டரில் எப்போதும் காதோரம் செருகியிருக்கும் நீலப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்த்தாள். எழுதியது.

"சாட்சிக் கையெழுத்து நான்தானே போடணும்" என்றாள். "யாரு ஆடினதுன்னு இப்ப எனக்குத் தெரியும். நீயும் வா. இந்தத் தடவை வலது பக்கம் உக்காரு."